சடுகுடு தெரிந்தவர் ஜப்பானிய மங்கா படிக்கலாம்

ஜப்பானிய மொழியை ஓரளவு கற்ற பிறகு மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகளை மூலத்திலேயே படிக்க விரும்புகிறவர்கள் என்னிடம் வழி கேட்டால், விதிகள் முழுவதும் பழக்கமான ஒரு விளையாட்டை முதலில் தேர்ந்தெடுங்கள், அதைப் பற்றிய மங்காவைப் பிறகு தேடுங்கள் என்றுதான் சொல்கிறேன். சென்னையில் மொழி பயின்று, ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் கடைநிலைக்கு அடுத்த என்4 நிலையைத் தாண்டியிருந்தபோது வேலைக்காக டோக்கியோ சென்று, எதொகாவா வட்டாரத்தில் சில ஆண்டுகள் வாழ்ந்து ஊர் திரும்பியவன் நான். அங்கும் இங்குமாகத் தொடர்ந்த என் வாசிப்பு இந்த ஒரு கருத்தைத்தான் மீண்டும் மீண்டும் உறுதிப்படுத்தியது. பந்து எங்கே இருக்கிறது, யார் அடிக்கப் போகிறார், புள்ளி யாருக்குப் போகும் என்பதைப் படமே காட்டிவிடுகிறது. அதனால் ஒரு வாக்கியத்தில் பாதிச் சொற்கள் தெரியாவிட்டாலும், அது எதைப் பற்றிப் பேசுகிறது என்பது ஆட்டத்தை அறிந்தவருக்குப் புரிந்துவிடும். மாயாஜாலக் கதையில் இந்த உதவி கிடைக்காது. அந்த உலகத்தின் விதிகளையே சொற்களின் வழியாகத்தான் கற்றாக வேண்டும்.

தமிழருக்கு இதில் ஒரு நற்பேறு உண்டு. கபடியை மையமாகக் கொண்ட மங்கா ஒன்று ஜப்பானிய மொழியில் இருக்கிறது. முசாஷினோ ஹாஜிமே எழுதி வரைந்த 'ஷாக்குநெட்சு கபடி', ஷோகாக்குகான் பதிப்பகத்தின் உரா சண்டே தளத்திலும் மங்கா ஒன் செயலியிலும் 2015 முதல் தொடராக வந்தது. 2021இல் அனிமேயாகவும், அதாவது அசைவூட்டத் தொடராகவும், வந்தது. கால்பந்தில் பெயர் பெற்றிருந்து, பின்னர் விளையாட்டையே வெறுத்து ஒதுங்கிய யோய்கோஷி என்ற மாணவன், தன் பள்ளியின் கபடி அணிக்குள் இழுக்கப்படுவதுதான் தொடக்கம். அவனுக்குக் கபடி தெரியாது என்பதால், ஏழு பேர் எப்படி நிற்பார்கள், பாடிப்போகிறவர் மூச்சை விடாமல் என்ன சொல்ல வேண்டும், எந்தக் கோட்டைத் தாண்டினால் ஆட்டம் செல்லும், தொட்டுவிட்டுத் திரும்பினால் எத்தனை புள்ளி என்பதெல்லாம் அவனுக்குச் சொல்லப்படுகின்றன. அந்த விளக்கங்களைப் படித்தபோது நான் புதிதாகக் கற்றது ஜப்பானிய மொழியை மட்டுமே, ஏனென்றால் விளக்கப்பட்ட ஒவ்வொன்றும் சிறுவயதிலிருந்தே நான் களத்தில் கண்டது. பாடிப்போகிறவரை 'ரெய்டர்' என்றும் தடுப்பவர்களை 'ஆன்டி' என்றும் நம் ஆட்டக்காரர்கள் சொல்வதைப் போலவே அங்கும் சொல்கிறார்கள். 2010ஆம் ஆண்டு குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜப்பானிய ஆண்கள் கபடி அணி வெண்கலம் வென்றதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். அந்த நாட்டில் கபடி சிறிய விளையாட்டுதான், ஆனால் அக்கறையோடு ஆடப்படுகிறது, அதே அக்கறை வரைந்தவரிடமும் இருக்கிறது.

கபடியில் ஆர்வமில்லாதவர்களுக்குக் கைப்பந்தைச் சொல்வேன். ஃபுருடதே ஹருயிச்சியின் 'ஹைக்யூ!!' 2012 முதல் 2020 வரை வாராந்திர ஷோனென் ஜம்ப் இதழில் வெளிவந்து 45 தொகுதிகளில் நிறைவடைந்தது. தமிழ்நாட்டின் ஊர்களில் மாலை நேரத்தில் கைப்பந்து ஆடி வளர்ந்தவர்களுக்கு அதன் ஒவ்வொரு பக்கமும் நன்றாகவே புரியும். சர்வ், ரிசீவ், டாஸ், ஸ்பைக், பிளாக் என்று ஆட்டச் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து சென்று, பிறமொழிச் சொற்களை எழுதப் பயன்படும் கதகானா எழுத்தில் அமர்ந்தவை. கதகானாவைத் தடையின்றிப் படிக்கப் பழகியிருந்தால் ஒரு பக்கத்தின் முக்கியச் சொற்கள் அகராதி இல்லாமலே கைக்கு வந்துவிடும். கைப்பந்தே தெரியாத ஆசிரியர் ஒருவர் அணியின் பொறுப்பாளராக இருப்பதும், பார்வையாளர் வரிசையில் இருக்கும் ஊர்க்காரர்கள் அருகிலிருப்பவர்களுக்கு ஆட்டத்தை விளக்குவதும் மொழி கற்பவருக்குப் பெரிய வரம். களத்தில் இருப்பவர்கள் அரைகுறை வாக்கியங்களில் கத்துவார்கள், விளக்குகிறவர்கள் முழு வாக்கியங்களில் பேசுவார்கள். ஒரே நிகழ்வு இருவகை மொழியிலும் வருவதால், முதலாவது புரியாதபோது இரண்டாவதைப் படித்து, மறுபடி முதலாவதற்குத் திரும்பிச் செல்வது என் வழக்கமாயிற்று.

அந்தக் களமொழியில்தான் பாடநூல் படித்தவர்கள் திணறுகிறார்கள். வகுப்பில் நாம் பணிவான வடிவங்களை முதலில் கற்கிறோம். நேரடி ஏவல் வடிவம் வெகுநாள் கழித்து, ஒரு பாடத்தின் ஓரத்தில் வருகிறது. விளையாட்டு மங்காவிலோ 'ஓடு', 'அடி', 'தடு', 'விடாதே' என்று பக்கத்துக்குப் பக்கம் ஏவல்தான். வினைமுற்றுகள் சுருங்கும், எதிர்மறை வடிவம் 'நே' என்று நீண்டு முடியும், இளைய மாணவர்கள் மூத்தவர்களிடம் பணிவைக் காட்டும் வாக்கிய முடிவான 'தெசு' என்பதை 'ஸ்ஸு' என்று நறுக்கிச் சொல்வார்கள். யார் யாரிடம் எந்த வடிவத்தில் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்தால் அணிக்குள் யார் மூத்தவர், யார் புதியவர் என்பது தெரிந்துவிடும். பள்ளி விளையாட்டுக் கழகங்களில் ஒரு வகுப்பு மூப்புக்கு இருக்கும் எடையை எனக்கு உணர்த்தியவை இந்த வினைவடிவங்கள்தான். மங்கா படிக்கத் தொடங்கும் முன் ஏவல் வடிவங்களையும் பேச்சுச் சுருக்கங்களையும் தனியாக எடுத்து ஓரிரு வாரம் பயிற்சி செய்யுங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை. ஹைக்யூவில் ஹ்யோகோ மாகாணத்தைச் சேர்ந்த இனாரிசாகி அணி வரும்போது மேற்கு ஜப்பானின் கான்சாய் வட்டார வழக்கு தொடங்குகிறது. அப்போது வேகம் குறைவது இயல்பு, சில அத்தியாயங்களில் காது பழகிவிடும்.

எழுத்தைப் பொறுத்தவரை இதழின் வகையை அறிவது முக்கியம். ஷோனென் ஜம்ப், ஷோனென் மேகசின், ஷோனென் சண்டே, ஷோனென் சாம்பியன் ஆகிய சிறுவர் வார இதழ்களில், சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளின் அருகே அவற்றின் ஒலிப்பைச் சிறிய எழுத்தில் தரும் ஃபுரிகானா அச்சிடப்பட்டிருக்கும். ஒலி தெரிந்தால் அகராதியில் தேடுவது எளிது. ஒலி தெரியாத கான்ஜியை விரலால் வரைந்து தேட வேண்டும், அதற்குள் ஆட்டத்தின் வேகம் நம் மனத்திலிருந்து போய்விடும். பெரியவர்களுக்கான செய்னென் இதழ்களில் இந்த உதவி பெரும்பாலும் இருக்காது. மோர்னிங் இதழில் 2007இல் தொடங்கிய 'ஜயன்ட் கில்லிங்', ஒரு கால்பந்துக் கழகத்தைப் பயிற்சியாளரின் கோணத்திலிருந்து சொல்லும் சிறந்த படைப்பு; ஆனால் அதை முதல் வாசிப்பாக யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. இணையத்தில் மட்டும் தொடராக வரும் படைப்புகளில் ஃபுரிகானாவின் அளவு படைப்புக்குப் படைப்பு மாறும். ஆகவே எதை வாங்குவதற்கு முன்பும் மாதிரிப் பக்கங்களைத் திறந்து, கான்ஜிகளின் பக்கத்தில் சிறு எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் முறையான வழியில் பெறுவது வாசிப்புக்கே தேவையாகிறது. திருட்டுப் பிரதிகளில் பக்கங்கள் மங்கலாகச் சுருக்கப்பட்டிருக்கும்போது முதலில் அழிவது ஃபுரிகானாதான். தாய்மொழியில் படிப்பவருக்கு அது பெரிய இழப்பில்லை, கற்பவருக்கோ அதுவே முழு இழப்பு. சட்டமும் தெளிவாக இருக்கிறது: திருட்டுப் பிரதி என்று தெரிந்தே மங்காவைப் பதிவிறக்குவதைத் தடைசெய்யும் பதிப்புரிமைச் சட்டத்திருத்தம் ஜப்பானில் 2021 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. எந்த மின்னூல் சேவை முறையானது என்று ஐயம் எழுந்தால் அதன் பக்கத்தின் அடியில் ஏபிஜே என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உரிமை பெற்று வெளியிடும் சேவைகளுக்கு வழங்கப்படும் அடையாளம் அது. வாரந்தோறும் சுமார் 19 பக்கங்களை வரைந்து தரும் ஒருவரின் உழைப்பு எத்தகையது என்பதை அந்த மொழியிலேயே படிக்கும்போது இன்னும் நெருக்கமாக உணர்கிறோம். அந்த உழைப்புக்குரிய விலையைக் கொடுப்பது வாசகரின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

ஜப்பானில் வசிப்பவர்களுக்கு வழிகள் ஏராளம். ஷோனென் ஜம்ப் திங்கள்தோறும், ஷோனென் மேகசின் புதன்தோறும் வருகின்றன. கொன்பினி எனப்படும் சிறு பல்பொருள் கடைகள் பலவற்றில் கிடைக்கும். கடித அட்டை ஒன்றை இணைத்து, பிடித்த மூன்று படைப்புகளைக் குறிப்பிட்டு அனுப்புமாறு ஜம்ப் தன் வாசகரைக் கேட்கிறது. தொடர்களின் எதிர்காலத்தைப் பற்றி ஆசிரியர் குழு முடிவெடுக்கும்போது அந்த அட்டைகளுக்கு மதிப்புண்டு. நான் படித்த விளையாட்டுத் தொடர்களின் பெயரை எழுதி அனுப்பியபோது, மொழி கற்கும் வெளிநாட்டவன் என்ற நிலை மாறி, எல்லோரையும் போன்ற ஒரு வாசகனாக என்னை உணர்ந்தேன். அந்த அட்டையை நிரப்பும் அளவுக்காவது எழுதப் பழகுங்கள் என்று அங்குள்ள நம்மவர்களிடம் சொல்வதுண்டு.

தனித்தொகுதி புதிதாக 500 யென்னுக்குச் சற்று மேற்பட்ட விலைக்குக் கிடைக்கும். பழைய புத்தகங்களை விற்கும் புக் ஆஃப் கடைகளில் முடிந்துபோன நீண்ட தொடர்களின் தொடக்கத் தொகுதிகள் மிகக் குறைந்த விலையில் வரிசையாக நிற்கும். இது சட்டப்படி முறையானதே. ஆனால் பழைய புத்தக விற்பனையிலிருந்து படைப்பாளருக்கு எதுவும் போவதில்லை என்பதால், தொடக்கத் தொகுதிகளை அங்கே வாங்கிப் பார்த்து, பிடித்துவிட்டால் மீதியைப் புதிதாக வாங்குவது என்று நான் வைத்துக்கொண்டேன். மணிக்கணக்கில் கட்டணம் வாங்கி மங்கா படிக்கத் தரும் தேநீர்க் கடைகளான மங்கா கிஸ்ஸாக்கள், ஒரு தொடர் நமக்கு ஏற்றதா என்று சோதிக்கச் சிறந்த இடம். கியோத்தோவுக்குச் செல்கிறவர்கள் பழைய தட்சுஇகே தொடக்கப்பள்ளிக் கட்டடத்தில் 2006இல் திறக்கப்பட்ட பன்னாட்டு மங்கா அருங்காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது. சேமிப்பில் ஏறத்தாழ 3 லட்சம் உருப்படிகள் உள்ள அந்த இடத்தில், சுவரை ஒட்டிய அலமாரிகளில் அடுக்கப்பட்ட சுமார் 50,000 தொகுதிகளை நுழைவுக்கட்டணம் செலுத்திய எவரும் எடுத்துப் படிக்கலாம். நான் அங்கே அடாச்சி மிட்சுருவின் 'டச்' படித்தேன். 1981 முதல் 1986 வரை வெளிவந்த அந்தப் பேஸ்பால் கதையில் உரையாடலைவிட மௌனமான படங்கள் மிகுதி. கற்பவருக்கு மூச்சு வாங்க இடம் தரும் இத்தகைய பழைய படைப்புகளைப் பலர் கவனிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே அறிந்திருங்கள்: அந்தக் காலத்துப் பேஸ்பால் மங்காக்களில் வீச்சுகளின் எண்ணிக்கை சொல்லும்போது 'ஸ்ட்ரைக்' (அடிப்பவருக்குப் பாதகமான வீச்சு) எண்ணை முதலிலும் 'பால்' (இலக்கு தவறிய வீச்சு) எண்ணைப் பிறகும் சொல்வார்கள், இன்றைய வழக்கம் இதற்கு மறுதலையானது.

பேஸ்பால் நம்மில் பலருக்குப் புதிது என்பதால் என் அடிப்படை விதிக்கு அது விலக்காகத் தோன்றலாம். ஆனால் கற்க எளிதான ஒரு வழி அங்கே இருக்கிறது. ஆகஸ்டில் ஹ்யோகோ மாகாணத்தின் நிஷினோமியாவில், 1924இல் திறக்கப்பட்ட கோஷியென் அரங்கில், நாடெங்குமிருந்து தேர்வான 49 பள்ளி அணிகள் மோதும் போட்டியை என்எச்கே தொலைக்காட்சி ஒளிபரப்புகிறது. ஒரு கோடைக்காலம் முழுவதும் அந்த நேர்முக வர்ணனையைக் கேட்டுக்கொண்டே, தெராஜிமா யூஜியின் 'டைமண்ட் நோ ஏஸ்' தொகுதிகளைப் படித்தேன். வர்ணனையாளர் சொன்ன சொல் அன்றிரவே மங்காவில் எதிர்ப்பட்டது. மங்காவில் விரலால் வருடிப் படித்த சொல் மறுநாள் காதில் விழுந்தது. எறிபவர், பிடிப்பவர் ஆகியோரைக் குறிக்கும் கான்ஜிகளின் அருகே 'பிட்சர்', 'கேட்சர்' என்று கதகானாவில் ஒலிப்பு கொடுப்பது பேஸ்பால் மங்காவில் பரவலான வழக்கம். எழுத்து ஒன்றாகவும் ஒலிப்பு வேறாகவும் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம், இரண்டையுமே குறித்துக்கொள்ளுங்கள். எந்த விளையாட்டானாலும் அதன் ஜப்பானிய வர்ணனையோடு சேர்த்துப் படிப்பது, நான் கண்ட வழிகளுள் பலன் மிகுந்தது.

படிக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு அத்தியாயத்தை முதல்முறை அகராதியைத் தொடாமல் இறுதிவரை படிக்கிறேன். ஆட்டத்தில் என்ன நடந்தது என்பதைத் தமிழில் ஓரிரு வரி எழுதுகிறேன். இரண்டாம் முறை படிக்கும்போது, ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்த சொற்களை மட்டும் தேடுகிறேன். ஒருமுறை மட்டும் வந்த சொல்லை விட்டுவிடுவதில் தயக்கம் வேண்டாம், தேவையான சொல் நிச்சயம் திரும்பி வரும். படத்தின் மேலே கையால் பெரிதாக வரையப்படும் ஒலிக்குறிப்புகளைத் தொடக்கத்தில் முழுவதும் தவிர்த்துவிடலாம். அவற்றில் 'ஷி', 'ட்சு', 'சோ', 'ன்' ஆகிய கதகானா எழுத்துகளை வேறுபடுத்துவதே கடினம், அவை இல்லாமலும் கதை நகரும். மின்னூல் மங்காவின் பக்கங்கள் படங்களாகவே இருப்பதால், நாவல்களில் போலச் சொல்லின் மீது விரலை வைத்து அகராதியைத் திறக்க முடியாது. கைப்பேசியில் மங்காவையும் கணினியில் அகராதியையும் திறந்து வைத்திருப்பது நல்லது.

ஊர் திரும்பிய பின் வாங்கும் வழிகள் குறைந்தன, ஆனால் அடைபடவில்லை. கடோகாவா குழுமத்தின் புக் வாக்கர் கடையின் ஜப்பானியப் பிரிவில் வெளிநாட்டிலிருந்தும் கணக்குத் தொடங்கி மின்னூல் வாங்க முடிகிறது. அதே கடையின் பன்னாட்டுப் பிரிவு ஆங்கில மொழிபெயர்ப்புகளுக்கானது, எனவே எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நம் வங்கி அட்டைகளில் பன்னாட்டுப் பரிவர்த்தனையை நாமே இயக்கிவைத்தால்தான் பணம் செல்லும். அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். புதிய தொகுதி வரும்போதும் அனிமே ஒளிபரப்பாகும்போதும் முதல் சில தொகுதிகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு இலவசமாகத் தருவது ஜப்பானிய மின்னூல் கடைகளின் வழக்கம். விருப்பப் பட்டியலில் சேர்த்துவைத்துக் காத்திருந்தால் ஒரு தொடரைச் செலவின்றித் தொடங்கலாம். ஷூஎய்ஷா பதிப்பகத்தின் மங்கா பிளஸ் தளம் பல மொழிகளில் படிக்கத் தருகிறது, ஆனால் ஜப்பானிய மூலம் அதில் இல்லை. மூலத்துக்கு அதே பதிப்பகத்தின் ஷோனென் ஜம்ப் பிளஸ், கோடான்ஷாவின் மகஜின் பாக்கெட், ஷோகாக்குகானின் சண்டே வெப்ரி ஆகியவற்றின் இணையப் பக்கங்களைத்தான் நாட வேண்டும். இவற்றின் செயலிகள் பெரும்பாலும் ஜப்பானியச் செயலிக் கடையில் மட்டுமே தென்படும் என்பதால் உலாவியில் படிப்பதே எளிது. ஜம்ப் இதழின் மின்பதிப்பு ஜப்பானில் திங்கள் நள்ளிரவில் வெளியாகிறது, அதாவது நமக்கு ஞாயிறு இரவு 8.30 மணி.

தாளில் படிக்கவே விரும்புகிறவர்களின் பக்கம்தான் நானும். மேலுறையைக் கழற்றினால் உள்ளட்டையில் தென்படும் சிறு ஓவியங்கள், அத்தியாயங்களுக்கு இடையிலான கூடுதல் பக்கங்கள், உறை மடிப்பில் படைப்பாளர் எழுதும் நாலு வரி ஆகியவற்றைக் கையில் தொகுதி இருக்கும்போது நிதானமாகப் படிக்கிறோம். அந்த நாலு வரி எளிய மொழியில் இருப்பதால் கற்பவருக்குப் பொருத்தமானது. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஆர்ச்சர்ட் சாலை கினோகுனியா புத்தகக் கடையிலும், துபாயில் இருப்பவர்களுக்குத் துபாய் மால் கினோகுனியாவிலும் ஜப்பானிய மொழி நூல்களுக்கான பகுதி இருக்கிறது. உறவினர் அங்கிருந்து வரும்போது தொகுதி எண்ணைத் தெளிவாக எழுதிக் கொடுத்தால் போதும். அப்படி யாரும் இல்லாதவர்கள் சிடி ஜப்பான் போன்ற வெளிநாட்டு விற்பனைக் கடைகளில் நேரடியாக வரவழைக்கலாம். அஞ்சல் செலவு எடையைப் பொறுத்தது, ஒரே தொகுதியை வரவழைத்தால் அது புத்தகத்தின் விலையையே மிஞ்சிவிடக்கூடும். ஆகவே முதல் தொகுதியை மின்னூலாகப் படித்து முடித்து, தொடரப் போவது உறுதியான பிறகு, பல தொகுதிகளை ஒரே பெட்டியில் வரவழையுங்கள்.